வண்டிக்குப் பின்னால் என் முகம்

சேலத்தில் நான் வேலை செய்யும் பிரிண்டிங் கடையில், ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது ஒரே வாக்கியத்தைச் சொல்கிறேன். "இதப் பெருசாக்குனா உடையுங்க, ஒரிஜினல் அனுப்புங்க." நல்ல மனநிலையில் இருந்தால் 'தயவுசெய்து' என்று சேர்ப்பேன். பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

வருகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. போனில் பார்த்தால் படம் பளிச்சென்று இருக்கிறது. அதையே எட்டடிக்கு அடித்தாலும் அப்படித்தானே இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். காதுகுத்துக்குப் பேனர் அடிக்க வந்த ஒருவர், "உங்க மெஷின் பெரிய மெஷின்தானுங்களே, அப்புறம் என்ன?" என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். மெஷின் பெரியதுதான். ஆனால் போட்டோ என்பது புள்ளிகள். எத்தனை புள்ளி என்பது கேமராவை அமுக்கிய நொடியில் முடிவாகிவிடுகிறது. பிறகு அதை இழுக்கலாம், கூட்ட முடியாது. நாலு தோசைக்கு இருக்கிற மாவில் நாற்பது தோசை ஊற்றச் சொன்னால் என்ன வரும்? ஓட்டைதான் வரும்.

கேட்கப் பொறுமை இருப்பவர்களிடம் இன்னொன்றும் சொல்வேன். ரோட்டோரம் நிற்கும் பெரிய பேனரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அதுவும் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். ஐம்பதடி தள்ளி, ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்ப்பதால் கண் அதை மன்னித்துவிடுகிறது. வீட்டு ஹாலில் மாட்டும் படத்துக்கு அந்த மன்னிப்பு கிடையாது. படம் நன்றாக இருக்கிறதா என்பதில் பாதியைக் கேமரா முடிவு செய்கிறது, மீதியைப் பார்க்கிறவர் நிற்கும் இடம் முடிவு செய்கிறது. இத்தனை நாளும் இந்தக் கணக்கில் விட்டுப்போனது எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கும் என் முகம், ஏழு வருடம் ஒரு லாரியின் பின்கதவில் உடைந்துபோய் ஊர் ஊராகச் சுற்றியது. அதற்குக் காரணமும் நான்தான்.

லாரி என் அப்பாவுடையது. சொந்தமாக ஒரே வண்டி, அவரே ஓட்டுவார். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடு. வண்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே லைனுக்குப் போனால் திரும்பி வர இருபது நாள், சில சமயம் ஒரு மாதம். நான் பெரியவளானபோது சீர் செய்தார்கள், ஊரே வந்தது, அவர் வரவில்லை. நாலு நாள் கழித்து ஒரு மூட்டை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து இறங்கினார். நான் ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை.

அதற்கு அடுத்த வருடம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு குமாரபாளையத்துக்கு, மாமா வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமாவின் விசைத்தறிப் பட்டறையில் அவளுக்கு வேலை. என்ன நடந்தது என்று இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. கேட்டால் ஒரே பதில்தான். "வருசத்துல முப்பது நாள் ஊட்டுல இருக்கறவனுக்கு எதுக்குச் சாமி குடும்பம்?" நான் அவள் பக்கம் நின்றேன். நிற்பது எனக்குச் சுலபமாகவும் இருந்தது. ஆரஞ்சு மூட்டையை நான் மறக்கவில்லை.

கல்லூரி முதல் வருடம் எனக்கென்று ஒரு போன் வந்தது. நம்பர் எப்படித்தான் கிடைத்ததோ, இரண்டே வாரத்தில் அப்பாவின் குரல் பதிவு ஒன்று வந்தது. அவருக்கு டைப் அடிக்க வராது, எல்லாம் குரல்தான். பின்னால் இன்ஜின் இரைச்சல்.

"சாமி, அப்பந்தான் பேசறேன். நல்லாருக்கியா? வண்டியப் பட்டறைல உட்டு புதுசா பெயின்ட் அடிக்கறேன். பின்னாடி உம்பட போட்டோவப் பெருசா ஒட்டலாம்னு இருக்கறேன். நல்லதா ஒரு போட்டோ அனுப்பு சாமி."

எங்கள் பக்கத்து வண்டிகளில் அது வழக்கம். பிள்ளைகளின் பெயரை எழுதுவார்கள், வசதி வந்தால் முகத்தையே ஒட்டுவார்கள். முன்னால் சாமி படம், பின்னால் பிள்ளை படம். கூடவே இருந்து வளர்க்காத பிள்ளையை எதற்குக் கூடவே ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தேன். பதில் அனுப்பவில்லை. இரண்டு நாள் விட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் கேட்டார். என் போனில் அப்போதே நூறு படம் இருந்தது. ஒன்றைத் தட்டி அனுப்ப ஒரு நொடி ஆகியிருக்கும். நான் அனுப்பவில்லை. பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து வகுப்பு குரூப்பில் ஒரு படம் வந்தது. கூடப் படித்த ஒருத்தி சங்ககிரி பைபாஸில் பஸ்ஸிலிருந்து எடுத்தது. லாரியின் பின்கதவில் நாலடிக்கு மூன்றடியில் ஒரு பெண்ணின் முகம். கீழே அவள் எழுதியிருந்தாள்: "ஏன்டி, இது நீதானே? கொசுவலைக்குள்ள உக்காந்து போஸ் குடுத்த மாதிரி இருக்கே!"

நான்தான். போனில் என் பெயருக்குப் பக்கத்தில் வைத்திருந்தேனே சின்ன டிபி படம், அது. வட்டத்துக்குள் இருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி, அதை நாலடிக்கு இழுத்திருக்கிறார்கள். கண் இருந்தது, அதில் பார்வை இல்லை. பல்லெல்லாம் ஒரே வெள்ளைக் கோடு. இன்றைக்குக் கணக்குப் போட்டால், அங்குலத்துக்கு ஐந்து புள்ளி. அதாவது ஒவ்வொரு புள்ளியும் ஒரு துவரம்பருப்பு அளவு. அன்றைக்கு எனக்குக் கணக்குத் தெரியாது. குரூப்பில் அறுபது பேர் சிரித்தது மட்டும் தெரிந்தது.

அழுகையும் ஆத்திரமுமாக அப்பாவுக்கு முதல் தடவையாகப் பதில் போட்டேன். "அந்தப் போட்டோவை எடுத்துடுங்க. அசிங்கமா இருக்கு."

அரைமணி நேரத்தில் குரல் வந்தது. "நல்லதா ஒண்ணு அனுப்பு சாமி, மாத்திப் போடலாம். எடுத்துப்போட்டா வண்டி மொட்டையா இருக்குது."

டிபியை எடுத்துவிட்டு ஒரு ரோஜாப்பூவை வைத்தேன். அவர் இனி ரோஜாவை ஒட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது.

படிப்பு முடித்து, டிசைன் கற்றுக்கொண்டு, சேலத்துக்கு வேலைக்கு வந்தேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கும் அந்தப் படத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். இந்த வேலை கிடைத்தது, வந்தேன். ஆனால் முதல் முறை ஒரு சின்னப் படத்தைத் திரையில் பெரிதாக்கி, அது கட்டம் கட்டமாகப் பிரிந்ததைப் பார்த்தபோது, உடனே பழைய அளவுக்கே சுருக்கிவிட்டேன். அந்தக் கட்டங்களை எனக்கு முன்பே தெரியும்.

போன வருடம் கடைக்கு ஒருவர் வந்தார். சங்ககிரியில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைக்காரர். பெரிய சைஸ் பிரிண்ட் என்றால் எங்களிடம்தான் கொடுப்பார். அன்றைக்கு எனக்கு முன்னால் நின்ற ஒரு ஆளிடம் வழக்கம்போல "உடையுங்க" பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் கோபித்துக்கொண்டு போனதும், ஸ்டிக்கர்காரர் சிரித்தார்.

"இதாச்சும் பரவால்லீங்க அம்மிணி. எங்கிட்ட ஒருத்தர் வந்தாரு பாருங்க, ஏழெட்டு வருசம் இருக்கும். டிபிய ஸ்கிரீன்ஷாட்டு எடுத்துக் கொண்டாந்து, வண்டிக்கு நாலடிக்குப் போடுங்கறாரு."

என் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது. "அப்புறங்க?" என்றேன்.

"ஒடையுமுங்க, புள்ளைகிட்டச் சொல்லி ஒரிஜினல் வாங்கியாங்கன்னேன். புள்ளைக்குப் பரீட்சை, தொந்தரவு பண்ணக் கூடாதுங்கறாரு. செரி, பரீட்சை முடிஞ்சு வாங்கன்னேன். நாளைக்கு லோடு ஏத்தோணும், போடுங்கறாரு. மெனக்கெட்டுப் போட்டு ஒட்டுனேன். கிட்ட நின்னு பாத்தா எனக்கே சங்கடமாப் போச்சு. மனுசன் என்ன பண்ணுனாருங்கறீங்க? வண்டியப் பாத்தபடியே பின்பக்கமா நடக்கறாரு. பக்கத்துல டயர் கடை இருக்குதுல்லீங்க, அது வரைக்கும் போயி நின்னுட்டு, 'இங்கிருந்து பாருங்க, மொகம் நல்லாத் தெரியுது. பின்னாடி வர்ற வண்டிக்காரன் இம்புட்டுத் தூரத்துலதான வருவான்'ங்கறாரு. போய்ப் பாத்தேன். தெரியத்தான் செஞ்சுது. அவர் சொன்னதுலயும் ஞாயம் இருக்குதுங்க அம்மிணி."

அவர் சொல்லி முடித்துவிட்டுத் தன் ஃபைலைக் காட்டினார். நான் ஏதோ வேலை செய்தேன். அப்பா பரீட்சை என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை பேச மாட்டேன் என்கிறாள், கேட்டாலும் அனுப்ப மாட்டாள் என்று ஒரு அந்நியரிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என்னை விட்டுக்கொடுக்காமல், கேலியைத் தானே வாங்கிக்கொண்டு, டயர் கடை வரை பின்பக்கமாக நடந்திருக்கிறார். அன்று மத்தியானம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். நான் கெட்டவள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்த நாட்களில் அதுவும் ஒன்று.

மறுநாள் அப்பாவுக்குப் போன் செய்தேன். எத்தனை வருடம் கழித்து என்று அவர் கேட்கவில்லை.

"சொல்லு சாமி" என்றார், நேற்றுப் பேசியவர் மாதிரி.

"வண்டி எங்கிருக்குதுங்கப்பா?"

"ஊட்டுலதான் நிக்குது. கொஞ்ச நாளா ஓட்டறதில்ல. சக்கரைல கண்ணு கொஞ்சம் மங்கலு. ஊசி போட்டிருக்கறாங்க. செரியாயிரும்."

"அந்தப் போட்டோ இருக்குதுங்களா?"

"இருக்குது சாமி. எடுக்கச் சொன்னீன்னு தெரியும். எடுத்துப்போடறேன்."

"எடுக்க வேண்டாங்கப்பா. நல்லதா ஒண்ணு கொண்டாரேன்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

இந்த முறை குறை வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். எங்களுக்கு வேலை கொடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் இருபத்துநாலு மெகாபிக்சல் கேமரா. ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு பக்கமும் லைட் வைத்து, அறுபது எழுபது படம் எடுக்கச் சொன்னேன். எடுத்தவருக்கு அலுத்துப்போய், "கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு படுத்த மாட்டாங்க" என்றார். கடையில் திரையில் போட்டு, ஒவ்வொன்றையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். இமை முடியை எண்ணலாம். தாடைக்குக் கீழே அம்மை போட்ட தழும்பு ஒன்று உண்டு எனக்கு, அது தெரிந்தது. சின்ன வயதில் அம்மை போட்டுக் கிடந்தபோது, அப்பா லோடை வேறு ஆளிடம் மாற்றிவிட்டு ஒரு வாரம் வீட்டில் இருந்தார். வேப்பிலையால் தடவிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சு மூட்டையை ஞாபகம் வைத்துக்கொண்ட எனக்கு, இது மட்டும் எப்படி மறந்துபோயிற்று என்று தெரியவில்லை.

தழும்பை அழிக்கட்டுமா என்று கடையில் கேட்டார்கள். கூடாது என்றேன்.

பழைய டிபி படம் என்னிடம் இல்லை, வகுப்பு குரூப்பில் வந்த லாரிப் போட்டோவில் மட்டும்தான் இருந்தது. அதையும் ஒரு ஆர்வத்தில் இப்போது வந்திருக்கும் ஏஐ ஒன்றில் போட்டு, சரிசெய்யச் சொல்லிப் பார்த்தேன். நொடியில் ஒரு அழகான பெண் வந்தாள். இமை, பல், பளபளக்கும் கன்னம், எல்லாம் இருந்தது. யாரோ ஒருத்தி. இல்லாத புள்ளியை அது கற்பனையால் நிரப்பியிருந்தது. மூடிவிட்டேன்.

நாலடிக்கு மூன்றடி, அங்குலத்துக்கு நூற்றுப்பத்துப் புள்ளி. லாரிக்கு அவ்வளவு தேவையே இல்லை. டயர் கடைத் தூரத்துக்குப் பத்துப் புள்ளி போதும். இது கிட்ட நின்று பார்ப்பதற்கு. அப்பா வண்டிக் கதவுக்கு அருகில் வந்து, கை வைத்துத் தடவி, தழும்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வெயிலுக்கு மங்காத வினைல் ஸ்டிக்கர், மேலே லேமினேஷன். நானே பிரிண்ட் போட்டு, உரசல் படாமல் இருக்க முகம் உள்பக்கம் வருகிற மாதிரி சுருட்டி, நூல் போட்டுக் கட்டினேன்.

அம்மாவிடம் சொன்னேன். "போயிட்டு வா" என்றாள். பிறகு, "நாங் கேட்டேன்னு சொல்லாத" என்றாள். அவள் எதையும் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் பஸ் ஏறி, புதுச்சத்திரத்தில் இறங்கி, சுருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தேன். வேலி ஓரமாக வண்டி நின்றது. டயரைச் சுற்றிப் புல் முளைத்து, இலைகூடக் காய்ந்து விழுந்திருந்தது. கொஞ்ச நாளாக ஓட்டுவதில்லை என்றாரே, இது கொஞ்ச நாள் இல்லை. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கேட்டைத் திறந்து நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"யாருங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருடம் வராதவளுக்கு வைத்த குத்தல் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் நினைத்தேன்.

"நாந்தானுங்கப்பா" என்றதும் சட்டென்று எழுந்தார். "வா சாமி, வா. நடந்தா வந்தே? போன் பண்ணீருந்தா ஆள உட்டிருப்பனே." என் தலையில் கை வைக்க வந்தவர், தோளில் கை வைத்து, பிறகுதான் தலைக்கு வந்தார். இளைத்துவிட்டாரே என்று நினைத்தேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து சாப்பாடு வருகிறதாம். அம்மாவைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்கம்மாவுக்கு முட்டி வலி எப்பிடி இருக்குது?" இருக்கிறது என்றேன்.

பிறகு சுருளைப் பார்க்கும் அவசரம் எனக்கு. "வாங்கப்பா, வண்டிகிட்டப் போலாம்."

சுவரைத் தொட்டபடி மெதுவாக வந்தார். பழைய படத்தை அன்றுதான் நான் முதன்முதலாக நேரில், கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். ஏழு வருட வெயிலில் சிவப்பெல்லாம் போய் நீலம் மட்டும் மிச்சம். கிட்டத்தில் அது முகமே இல்லை, கட்டம் கட்டமாக வெளுத்த தாள். ஆனால் ஓரம் எங்கும் பிரியவில்லை. பிரிந்த இடத்திலெல்லாம் யாரோ பொறுமையாகப் பசை போட்டு அமுக்கியிருந்தார்கள். யாரோ என்ன, அவர்தான்.

"இப்படியே நில்லுங்கப்பா, கொண்டாந்ததக் காட்டறேன்" என்று, அவரைப் பத்தடி தள்ளி நிற்க வைத்தேன். நூலை அவிழ்த்தேன். வினைல் சுருண்டுகொண்டே இருந்தது. கதவுக்கு முதுகு காட்டி நின்று, மேல் முனை இரண்டையும் இரண்டு கையில் பிடித்து, தலைக்கு மேல் உயர்த்தி விரித்தேன். படம் எனக்கும் அவருக்கும் நடுவில் தொங்கியது. அவரைப் பார்க்க முடியவில்லை, குரலுக்காகக் காத்திருந்தேன்.

"அருமையா இருக்குது சாமி" என்றார். "இந்தத் தடவ ஒடையவே இல்ல. கண்ணு மூக்கெல்லாம் அப்பிடியே பளிச்சுனு தெரியுது."

சந்தோஷம்தான். ஏழு வருடத்தின் பாரம் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். தழும்பு தெரிகிறதா என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கு முன்னால், ஒரு ஜாண் தூரத்தில், என் தழும்பையே நான் பார்த்துக்கொண்டிருப்பது புரிந்தது. இமை முடி, தாடை, எல்லாம் என் பக்கம் இருந்தது. சுருட்டிய வாட்டத்தில் தூக்கியதால் முகம் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர் பக்கம் இருந்தது ஸ்டிக்கரின் பின்தாள், வெறும் வெள்ளை.

'யாருங்க' என்றது குத்தல் இல்லை. தோளைத் தடவித் தலைக்கு வந்தது, சுவரைத் தொட்டு நடந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. நான் படத்தைத் திருப்பவில்லை.

"ஆமாங்கப்பா" என்றேன். "இது ஒரிஜினலுங்க."

"இரு சாமி, அப்பிடியே புடிச்சுக்க" என்றார். தாளின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். கையை நெற்றிக்குக் குடையாக வைத்துக்கொண்டு, காலால் தரையைத் துழாவித் துழாவி, அவர் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். "இதெல்லாம் தூரத்துல இருந்து பாத்தாத்தான் இன்னும் நல்லாத் தெரியும்."